சிறு வட்டப்புழுவும் மனிதரின் நரம்பும்

நீரும் பசளையும் குறைவின்றிக் கிடைத்தும், தக்காளி, கத்தரி, பாகல் முதலிய பயிர்கள் சில வேளைகளில் வளர்ச்சி குன்றி, நண்பகலில் வாடி நிற்பதைக் கமக்காரர் பலர் கண்டிருப்பர். அத்தகைய செடியொன்றைப் பிடுங்கி வேரைக் கழுவிப் பார்த்தால், வேரெங்கும் முடிச்சுகள் போன்ற வீக்கங்கள் தென்படலாம். இவ்வீக்கங்களை உண்டாக்குவது வெறுங்கண்ணுக்கு எளிதிற் புலப்படாத வட்டப்புழுவாகும். ஆகவே, வட்டப்புழு என்ற பெயரைக் கேட்டவுடன் அதனைப் பயிரின் பகைவன் என்று கொள்வது கமக்காரரின் இயல்பு.

ஆயினும், மண்ணிலுள்ள வட்டப்புழுக்கள் யாவும் பயிருக்குத் தீங்கு செய்வன அல்ல. ஒரு சதுர மீற்றர் நிலத்திலேயே பல இலட்சம் வட்டப்புழுக்கள் வாழக்கூடும். அவற்றுட் பெரும்பாலானவை வேரைத் தீண்டாது, உக்கும் இலைகுழைகளில் வாழும் பற்றீரியாக்களையும் பங்கசுகளையும் உண்டு வாழ்வன. இவ்வாறு எவருக்கும் தீங்கு செய்யாது வாழும் ஒரு சிறு வட்டப்புழு, கடந்த அரை நூற்றாண்டுக்கு மேலாக மனிதரின் நரம்பு நோய்களை ஆராய்வோருக்குப் பெருந்துணையாக இருந்து வருகின்றது. இரசம், மங்கனீசு, கட்மியம், ஈயம் ஆகிய உலோகங்கள் உடலினுட் புகுந்து நரம்புகளை எவ்வாறு கெடுக்கின்றன என்பதை இப்புழு கண்கூடாகக் காட்டுகின்றது. நாசினிகளையும் பசளைகளையும் நாள்தோறும் கையாளும் கமக்காரருக்கு இச்செய்தி நெருங்கிய தொடர்புடையதாகும்.

ஈராக்கில் நேர்ந்த அழிவு

உலோக நஞ்சு கமக்காரர் குடும்பங்களை எவ்வாறு தாக்கக்கூடும் என்பதற்கு ஈராக்கு நாட்டில் 1971, 1972 ஆகிய ஆண்டுகளில் நேர்ந்த நிகழ்ச்சி தக்க சான்றாகும். முன்னைய பருவங்களில் மழை பொய்த்து விளைவு குன்றியதால், அந்நாட்டு அரசாங்கம் கோதுமையும் வாற்கோதுமையும் விதைதானியமாகப் பெருந்தொகையில் வெளிநாட்டினின்றும் தருவித்தது. பங்கசு நோய்கள் தாக்காதிருக்கும் பொருட்டு, அவ்விதைகளுக்கு மெதில் இரசம் என்னும் இரசச் சேர்வை பூசப்பட்டிருந்தது. விதை நஞ்சூட்டப்பட்டது என்பதைக் காட்டச் சிவந்த சாயமும் ஏற்றப்பட்டிருந்தது. ஆனால், சாக்குகளிற் பொறிக்கப்பட்டிருந்த எச்சரிக்கை, கிராமத்து மக்கள் அறியாத அந்நிய மொழிகளில் இருந்தது. விதைகள் பல இடங்களை அடைந்தபோது விதைப்புக் காலமும் கடந்துவிட்டது.

வீட்டிற் பஞ்சம், முற்றத்திலோ மூட்டை மூட்டையாகத் தானியம். சிலர் அதனைக் கழுவிப் பார்த்தனர். சாயம் நீங்கியது, நஞ்சும் நீங்கியதென எண்ணினர். வேறு சிலர் மேலும் விழிப்பாக, முதலிற் கோழிகளுக்கு இட்டுப் பார்த்தனர். சில நாட்கள் சென்றும் கோழிகளுக்கு யாதொரு கேடும் நேரவில்லை. அதன் பின்னரே அத்தானியத்தை மாவாக்கி ரொட்டி சுட்டு உண்டனர்.

மெதில் இரசம் உடனே கொல்லும் நஞ்சன்று. அது உடலிற் சிறிது சிறிதாகச் சேர்ந்து, மூளையை அடைந்து, வாரங்கள் பல கழிந்த பின்னரே தன் குணத்தைக் காட்டும். முதலிற் கைகால் விரல்களும் வாயைச் சூழ்ந்த பகுதியும் மரத்தன. பின்னர் நடை தள்ளாடியது, பேச்சுக் குழறியது, பார்வையும் செவியும் மங்கின. வைத்தியசாலைகளில் அனுமதிக்கப்பட்டோர் 6,530 பேர். அங்கு இறந்தோர் 459 பேர். தமக்கு நோய்க்குறிகள் சிறிதளவே தோன்றிய தாய்மார் சிலரின் வயிற்றிலிருந்த குழந்தைகளும் மூளைக் கேட்டுடன் பிறந்தன.

இக்கமக்காரரை அறிவிலிகள் என்று கூறுதல் தகாது. ஐயத்துக்குரிய உணவை முதலில் ஒரு பிராணிக்குக் கொடுத்துப் பார்த்தல் பழைய முறையே. ஆனால் அச்சோதனையில் இரண்டு குறைகள் இருந்தன. ஒன்று, சோதித்த காலம் போதாது. மற்றது, கோழி இறக்கின்றதா இல்லையா என்பதை மாத்திரமே அவர்கள் பார்க்க முடிந்தது; அதன் நரம்புகளினுள்ளே நடப்பதைப் பார்க்க வழியிருக்கவில்லை. இவ்விரு குறைகளையும் நீக்கும் ஒரு பிராணி ஆராய்ச்சியாளருக்குத் தேவைப்பட்டது. அதுவே மேற்கூறிய வட்டப்புழு.

ஆராய்ச்சிக்குகந்த புழு

இப்புழுவின் விஞ்ஞானப் பெயர் கேனோரப்டைற்றிசு எலிகன்சு என்பதாகும். பெயர் நீண்டதேயெனினும், வளர்ந்த புழுவின் நீளம் ஏறக்குறைய 1 மில்லிமீற்றர் மாத்திரமே. இதனை முதன்முதல் அல்சீரியா நாட்டின் மண்ணிற் கண்டு விவரித்தவர் எமில் மோப்பா என்னும் பிரெஞ்சுக்காரர். அவரது விவரணம் 1900ஆம் ஆண்டில் வெளியாயிற்று. இன்று உலகெங்குமுள்ள ஆய்வுகூடங்களில் வளர்க்கப்படும் முதன்மையான வகை, இங்கிலாந்தின் பிறிஸ்ரல் நகருக்கு அண்மையிற் காளான் வளர்ப்பதற்கு இடப்பட்ட கூட்டெருவிலிருந்து 1951ஆம் ஆண்டில் எடுக்கப்பட்ட புழுக்களின் சந்ததியாகும்.

தென்னாபிரிக்காவிற் பிறந்து இங்கிலாந்தின் கேம்பிரிட்சு நகரில் ஆராய்ச்சி செய்த சிட்னி பிறென்னர் என்பார், நரம்புத்தொகுதியின் அமைப்பை அடி முதல் நுனி வரை அறிவதற்கு இப்புழுவே தக்கதென 1963ஆம் ஆண்டில் முன்மொழிந்தார். அவருக்கும் அவருடன் இப்புழுவை ஆராய்ந்த றொபேட் ஓர்விட்சு, சோன் சல்சுற்றன் ஆகியோருக்கும் 2002ஆம் ஆண்டில் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இப்புழுவை வளர்ப்பது நாற்றுமேடை போடுவதிலும் எளிது. கடற்பாசியினின்றும் எடுக்கப்படும் கூழைச் சிறு தட்டில் உறையவைத்து, அதன்மேற் பற்றீரியாவைத் தடவிவிட்டால் அதுவே புழுவுக்கு வயலும் உணவுமாகும். முட்டையிலிருந்து வெளிப்பட்ட புழு ஏறக்குறைய 3 நாட்களில் முதிர்ச்சியடையும். பெரும்பாலானவை ஆணும் பெண்ணும் ஓருடலில் அமைந்தவையாதலால், ஒரு புழு தனித்தே 300 வரையிலான குஞ்சுகளை ஈனும். அதன் ஆயுள் 2 முதல் 3 வாரம். ஆகவே, ஒரு நஞ்சு பிராணியின் வாழ்நாள் முழுவதையும், அதன் பிள்ளைகளையும், பிள்ளைகளின் பிள்ளைகளையும் எவ்வாறு பாதிக்கின்றது என்பதை ஒரு மாதத்திற்குள் அறிந்துகொள்ளலாம். ஈராக்குக் கமக்காரர் கோழியைக் கொண்டு அறிய முடியாது போனதும் இதுவே.

இரண்டாவது சிறப்பு இன்னும் பெரிது. இப்புழுவின் உடல் கண்ணாடி போல் ஒளி ஊடுருவக்கூடியது. உயிருள்ள புழுவை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து அதன் உள்ளுறுப்புகளைக் காணலாம். வளர்ந்த புழுவின் உடலிலுள்ள கலங்கள், இனப்பெருக்கக் கலங்கள் நீங்கலாக, 959 ஆகும். அவற்றுள் 302 நரம்புக்கலங்கள். ஒவ்வொரு நரம்புக்கலத்துக்கும் பெயருண்டு. அது எங்கேயுள்ளது, எவற்றோடு தொடுக்கப்பட்டுள்ளது என்பதைக் காட்டும் படம் 1986ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. நீர்ப்பாசன வாய்க்கால்கள் யாவும் குறிக்கப்பட்ட வரைபடத்தைக் கொண்டு எவ்வாய்க்காலில் உடைப்பு ஏற்பட்டது என்று சொல்லக்கூடுமன்றோ? அது போலவே, நஞ்சினால் எந்த நரம்பு கெட்டது என்பதை இப்புழுவிற் சுட்டிக்காட்டலாம்.

புழுவின் நரம்பும் மனிதரின் நரம்பும் அளவில் ஒவ்வாதனவெனினும், வேலை செய்யும் முறையில் ஒத்தன. ஒரு நரம்புக்கலம் மற்றொன்றுக்குச் செய்தியனுப்பப் பயன்படுத்தும் டோபமின், அசற்றைல்கோலின் முதலிய இரசாயனங்கள் இரண்டிலும் ஒன்றே. பூச்சிநாசினிகளுட் பல, பூச்சியின் உடலில் அசற்றைல்கோலினின் ஒழுங்கைக் குழப்பியே அதனைக் கொல்கின்றன. அதே ஒழுங்கு புழுவிலும், தெளிக்கும் மனிதரிலும் உண்டு என்பதை மறத்தலாகாது.

நரம்பு கெடுவதைக் காணும் விதம்

உலோகத்தின் நச்சுத் தன்மையை அறிவதற்குப் பல தட்டுகளிற் சமவயதுள்ள புழுக்கள் இடப்படும். ஒரு தட்டிற் கலப்பற்ற நீரும், ஏனையவற்றில் முறையே கூடுதலான அளவில் உலோகக் கரைசலும் சேர்க்கப்படும். குறித்த காலத்தின் பின் எத்தனை புழு இறந்தன என எண்ணுவது முதலாவது படி. 1988ஆம் ஆண்டில் அமெரிக்காவில் 8 உலோக உப்புகள் இவ்வாறு சோதிக்கப்பட்டன. எந்த உலோகம் கொடியது, எது அதனினும் மெலியது என்று புழு காட்டிய வரிசை, எலிகளிலும் சுண்டெலிகளிலும் முன்னர் கண்டறியப்பட்ட வரிசைக்குப் பெரிதும் இசைந்திருந்தது. வயல் மண்ணையும் ஆற்றுப் படிவையும் இப்புழுவைக் கொண்டு சோதிப்பதற்கான சர்வதேச நியம முறையொன்று 2010ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. அதன்படி, 96 மணித்தியாலத்தில் புழுவின் வளர்ச்சியும் இனப்பெருக்கமும் அளக்கப்படுகின்றன.

ஆனால், சாவை எண்ணுவது கோழியைக் கொண்டு செய்த சோதனையைப் போன்றதே. நரம்பின் நிலையை அறிவதற்கு வேறு முறைகள் உள்ளன. ஒரு துளி நீரில் விடப்பட்ட புழு தலையை இருபுறமும் வீசி நெளியும். ஒரு நிமிடத்தில் எத்தனை முறை நெளிகின்றது என்பது எண்ணப்படும். உணவை உட்கொள்ளும்போது தொண்டை நிமிடத்துக்கு 200 முறைக்கு மேல் துடிக்கும், அத்துடிப்பும் எண்ணப்படும். இன்னொரு சோதனை மிக எளியது. பசியில்லாத புழுவும், வெறுந்தரையிலிருந்து பற்றீரியா பரவிய இடத்தை அடைந்ததும் தன் வேகத்தைக் குறைக்கும். மாடு புல்லுள்ள இடத்தை அடைந்ததும் நடை தளர்வதைப் போன்றது இது. இவ்வாறு வேகத்தைக் குறைப்பதற்கு டோபமின் வேண்டும். டோபமினை உண்டாக்கும் நரம்புகள் கெட்ட புழு, உணவின் மேலும் வேகங் குறையாது ஊர்ந்து செல்லும்.

இவற்றினும் தெளிவானது ஒளிரும் நரம்பைக் காணும் முறை. கடலில் வாழும் ஒருவகை இழுதுமீனின் உடலிற் பச்சை நிறமாக ஒளிரும் புரதமொன்றுண்டு. அப்புரதத்துக்குரிய பரம்பரையலகைப் புழுவினுட் புகுத்தி, வேண்டிய நரம்புக்கலங்கள் மாத்திரம் பச்சையாக ஒளிரும்படி செய்யலாம். இம்முறையைப் புழுவிற் செய்துகாட்டிய மாட்டின் சல்பி என்பாரும் அப்புரதத்தை ஆராய்ந்த வேறிருவரும் 2008ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பெற்றனர். இப்புழுவில் டோபமினை உண்டாக்கும் நரம்புக்கலங்கள் 8 மாத்திரமே. நலமுள்ள புழுவில் அவை விளக்குத் திரிகள் போல் ஒழுங்காக ஒளிரும். நஞ்சுண்ட புழுவில் முதலில் அவற்றின் இழைகள் மணி கோத்தாற்போற் புடைக்கும், பின்னர் அறுபடும், இறுதியில் ஒளி முற்றாக அவிந்துவிடும். புழு இன்னும் ஊர்ந்து திரிந்துகொண்டிருக்கையிலேயே அதன் விளக்குகள் அணைவதை ஆராய்ச்சியாளர் காண்கின்றனர்.

மெதில் இரசத்தைப் பற்றி 2010ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சியில், குறைந்த அளவான நஞ்சே இவ்விளக்குகளை அணைக்கக் கூடியதென்பது தெரியவந்தது. உடலின் காவற் செயல்களைத் தூண்டும் ஒரு புரதம் குறைக்கப்பட்ட புழுக்களில் அக்கேடு மேலும் மிகுந்தது. ஒரே ரொட்டியை உண்ட ஒரு குடும்பத்தில் ஒருவர் படுக்கையில் விழ, மற்றொருவர் நடமாடக் கூடுவது ஏன் என்பதை விளங்கிக்கொள்ள இத்தகைய ஆராய்ச்சிகள் வழிகாட்டுகின்றன.

மங்கனீசும் பங்கசு நாசினியும்

மங்கனீசு நஞ்சென்று மாத்திரம் கொள்ளத்தக்கதன்று. பயிரின் வளர்ச்சிக்கும் மனிதரின் உடலுக்கும் அது சிற்றளவில் இன்றியமையாதது. நீர் தேங்கிய வயலில் மண்ணிலுள்ள மங்கனீசு கரைந்து நெல்லுக்கு எளிதிற் கிடைக்கும். ஆனால், அளவு மிஞ்சிய மங்கனீசு மூளையைத் தாக்கும். 1837ஆம் ஆண்டிலேயே சோன் கூப்பர் என்னும் வைத்தியர், கிளாஸ்கோ நகரில் மங்கனீசுக் கல்லை அரைத்துத் தூளாக்கிய தொழிலாளர் சிலருக்குக் கால்கள் பலமிழந்து நடை தள்ளாடியதை எழுதிவைத்தார். பின்னர் மங்கனீசுச் சுரங்கங்களில் வேலை செய்தோரிடமும் முகம் உணர்ச்சியற்றுப் போதல், உடல் விறைத்தல், நடுக்கம் முதலிய குறிகள் காணப்பட்டன. இவை டோபமின் நரம்புகள் அழிவதனால் முதுமையில் உண்டாகும் பார்க்கின்சன் நோயைப் பெரிதும் ஒத்தன.

இது சுரங்கத் தொழிலாளருக்கு மாத்திரம் உரிய செய்தி என்று எண்ணுதல் தவறாகும். உருளைக்கிழங்கு, தக்காளி முதலியவற்றின் வெளிறல் நோய்க்கு உலகெங்கும் நெடுங்காலம் தெளிக்கப்பட்டு வந்த மனெப், மங்கோசெப் ஆகிய பங்கசு நாசினிகள் மங்கனீசைக் கொண்டவை. மங்கோசெப்பின் நிறையில் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு மங்கனீசாகும். அதனுடன் சிறிது நாகமும் உண்டு. மனெப்பைக் கையாண்ட பண்ணைத் தொழிலாளரிடம் மங்கனீசு நஞ்சின் குறிகளை ஒத்த நரம்புக் குறிகள் தோன்றியதைப் பிரேசில் நாட்டு வைத்தியர்கள் 1988ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அமெரிக்காவின் தெனசி மாநிலத்தில் 2011, 2012ஆம் ஆண்டுகளில் வெளியான ஆராய்ச்சிகளில், மங்கனீசும் நாகமும் சேர்ந்த இவ்வகைப் பங்கசு நாசினி புழுக்களின் நரம்புக்கலங்களைச் சிதைத்தமை ஒளிரும் முறையாற் காணப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2020ஆம் ஆண்டில் மங்கோசெப்புக்கான அனுமதியைப் புதுப்பிக்க மறுத்தது. கருவிலுள்ள குழந்தைக்கு உண்டாகக்கூடிய தீங்கும், உடலின் ஓமோன்களைக் குழப்பும் தன்மையும் அதற்குக் காட்டப்பட்ட காரணங்களுட் சேர்ந்தன.

மங்கனீசு நரம்பினுள் எவ்வாறு புகுகின்றது என்பதையும் புழு வெளிப்படுத்தியது. கலத்தின் சுவரில், உலோகங்களை உள்ளே எடுத்துச் செல்லும் வாயில் போன்ற புரதங்கள் உள்ளன. அவ்வாயில்களுள் ஒன்று அற்றுப்போன புழு, ஏனைய புழுக்களைக் கொல்லும் அளவான மங்கனீசையும் கூடுதலாகத் தாங்கியது. இவ்வாராய்ச்சி 2009ஆம் ஆண்டில் வெளியானது. இதற்கு இணையான வாயில் மனிதரின் குடலிலும் உண்டு. அதன் முதன்மையான வேலை இரும்பை உட்செலுத்துவதாகும். உணவில் இரும்புச் சத்துக் குறையுமாயின், உடல் அவ்வாயில்களைப் பெருக்கும்; அப்போது இரும்பைத் தேடித் திறந்த வாயிலினூடாக மங்கனீசும் மிகுதியாக நுழையும். ஆகவே, இரத்தக் குறைவுள்ள பெண்களும் சிறுவர்களும் இவ்வுலோகத்தால் எளிதிற் பாதிக்கப்படுவர் என்பது கருத்திற் கொள்ளத்தக்கது.

கட்மியமும் நெல்லும்

யப்பான் நாட்டின் தொயாமா மாகாணத்திற் பாயும் சின்சு ஆற்றின் மேற்பகுதியில் நாகச் சுரங்கமொன்றிருந்தது. அதன் கழிவோடு கட்மியம் ஆற்றிற் கலந்து, பாய்ச்சிய நீர் வழியாக வயல்களில் ஆண்டாண்டாகப் படிந்தது. நெல் செழித்தே வளர்ந்தது. கட்மியம் அரிசியினுட் சேர்ந்தது. அதனை உண்ட மக்களின், சிறப்பாக வயது முதிர்ந்த பெண்களின், சிறுநீரகங்கள் கெட்டன. எலும்புகள் மென்மையாகி எளிதில் முறிந்தன. நோயாளர் ‘நோகுதே, நோகுதே’ என்று அலறிய சொல்லே யப்பானிய மொழியில் அந்நோய்க்குப் பெயராயிற்று. 1968ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசாங்கம் கட்மியமே இதற்குக் காரணம் என ஏற்றுக்கொண்டது. கெட்ட வயல்களின் மண்ணை மாற்றித் திருத்துவதற்கு முப்பது ஆண்டுகளுக்கு மேற் சென்றது.

பயிர்கள், கட்மியத்தைக் கட்டிப்போடும் சிறு புரதத் துண்டுகளைத் தம் கலங்களில் ஆக்கிக்கொள்கின்றன. பிராணிகளிடத்து இத்தகைய பொருள் இல்லையென்றே நெடுங்காலம் கருதப்பட்டது. ஆனால், இச்சிறு வட்டப்புழுவும் பயிரைப் போலவே அதனை ஆக்குகின்றது என்பது 2001ஆம் ஆண்டிற் கண்டறியப்பட்டது. அவ்வாற்றலை இழந்த புழுக்களுக்குச் சிற்றளவான கட்மியமும் பெருங்கேடு விளைவித்தது. உடல் தன்னைத் தானே காக்கும் ஆற்றலுக்கு ஓர் எல்லையுண்டு. எல்லை கடந்த பின்னரே நோய் வெளிப்படும் என்பதை இது உணர்த்துகின்றது.

சுரங்கமில்லாத ஊர்களிலும் கட்மியம் வயலை அடைய வழியுண்டு. பொசுபேற்றுப் பசளைகள் செய்யப்படும் பாறைகளில் இயற்கையாகவே கட்மியம் சிறிதளவு கலந்திருக்கும். அதன் அளவு பாறைக்குப் பாறை வேறுபடும். மண் புளிப்புத் தன்மை அடையுந்தோறும் பயிர் கட்மியத்தைக் கூடுதலாக உறிஞ்சும். சேதனப் பொருள் மிகுந்த மண் கட்மியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நீர் நின்ற வயலிற் கட்மியம் கரையாத நிலையில் அடங்கியிருக்க, கதிர் முற்றுங் காலத்தில் வயலை மிகவும் உலரவிட்டால் அது மீண்டும் கரைந்து வேரை அடையும்.

புழு சொல்லாதவை

இப்புழுவைக் கொண்டு செய்யும் சோதனைகளுக்கும் எல்லையுண்டு. புழுவுக்குச் சுவாசப்பை இல்லை, ஈரலில்லை, சிறுநீரகமில்லை, இரத்தக் குழாய்களும் இல்லை. மனிதரின் மூளையை இரத்தத்திலுள்ள நஞ்சுகளினின்றும் காக்கும் தடுப்பு முழுமையாக அதனிடம் இல்லை. அதன் தோல் தடித்ததாதலால், ஆய்வுகூடத்திற் கொடுக்கப்படும் உலோகத்தின் ஒரு பகுதியே உட்செல்லும். ஆகவே, புழுவைக் கெடுத்த அளவே மனிதரையும் கெடுக்கும் என்று கணக்கிடுதல் பொருந்தாது. புழுவிற் கண்டவை எலி முதலிய பிராணிகளிலும், நஞ்சுக்கு ஆளான மனிதரிடத்தும் ஒப்புநோக்கப்பட்ட பின்னரே உறுதி கொள்ளப்படும்.

எனினும், எந்த நஞ்சை முதலிற் கவனிக்க வேண்டும், அது உடலில் எவ்வழியாற் செல்கின்றது, இரண்டு நஞ்சுகள் கலந்தால் யாது நேரும் என்பனவற்றைக் குறைந்த செலவில் விரைந்து அறிவதற்கு இப்புழு உதவுகின்றது. நெல்மூட்டையிற் குத்தூசியால் மாதிரி எடுத்துப் பார்ப்பவர் மூட்டை முழுவதையும் பார்த்தவராகார். ஆயினும் அம்மாதிரி வீணன்று.

கமக்காரர் செய்யத்தக்கவை

1. மருந்திட்ட விதையை எக்காரணங் கொண்டும் உண்ணவோ, குற்றவோ, கோழி, மாடு முதலியவற்றுக்கு இடவோ கூடாது. கழுவியதாற் சாயம் நீங்கலாம். நஞ்சு நீங்கிவிட்டதெனக் கொள்ளலாகாது. எஞ்சிய விதையை உணவுத் தானியத்தோடு சேராது, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்திற் பூட்டி வைத்தல் வேண்டும்.

2. நாசினிப் பொதியிலுள்ள விவரச் சீட்டைத் தெளிப்பதற்கு முன் வாசித்தல் வேண்டும். விளங்காத மொழியில் இருப்பின், விளங்கியவரைக் கொண்டு வாசிப்பித்தல் வேண்டும், விளங்காமலே பயன்படுத்தலாகாது.

3. தூள் நாசினியை வெறுங்கையால் அள்ளவோ கலக்கவோ கூடாது. தூள் மூச்சோடு உட்செல்லாதவாறு மூக்கையும் வாயையும் மூடி, கையுறையும் நீண்ட கையுள்ள சட்டையும் அணிந்து, காற்று வீசும் திசையறிந்து தெளித்தல் வேண்டும். வேலை முடிந்து கைகால் கழுவுமுன் வெற்றிலை போடுதலும் புகைபிடித்தலும் ஆகா.

4. சொல்லப்பட்ட அளவையும் இடைவெளியையும் மீறலாகாது. ஒன்றுக்கு மேற்பட்ட நாசினிகளைத் தம் எண்ணப்படி கலந்து தெளித்தலைத் தவிர்த்தல் வேண்டும்.

5. கருவுற்ற பெண்களும் சிறுவர்களும் நாசினி கலக்கும் இடத்திலும் தெளிக்கும் வயலிலும் நிற்றலாகாது. தெளித்த உடுப்பை மற்ற உடுப்புகளோடு சேர்த்துத் துவைத்தலும் ஆகாது.

6. தெளிகருவியைக் கிணற்றடியிலும் வாய்க்காலிலும் கழுவலாகாது. வெறுமையான நாசினிக் கலன்களில் நீரோ எண்ணெயோ தானியமோ வைத்தல் கூடாது.

7. பொசுபேற்றுப் பசளையை மண் பரிசோதனையின் முடிவின்படி இடுதல் வேண்டும். தேவைக்கு மேல் இட்ட பசளை பணத்தை வீணாக்குவதோடு வேண்டாத உலோகத்தையும் நிலத்திற் சேர்க்கும். மண் புளிப்பானதாயின், விவசாயப் போதனாசிரியரின் ஆலோசனைப்படி சுண்ணாம்பு இடுதலும், ஆண்டுதோறும் கூட்டெருவும் பசுந்தாளும் சேர்த்தலும் நன்று.

8. பழைய பற்றரிகள், வண்ணப் பூச்சு, உலோகக் கழிவு ஆகியவற்றை வயலிலோ தோட்டத்திலோ எறியவும் எரிக்கவும் கூடாது. அவற்றிலுள்ள ஈயமும் கட்மியமும் மழையால் அழிவதில்லை, மண்ணிலேயே தங்கும்.

9. கீரை வகைகள், முருங்கையிலை, பயறு, மீன் முதலிய இரும்புச் சத்துள்ள உணவுகள் குடும்பத்தினருக்குக் குறைவின்றிக் கிடைக்கும்படி பார்த்தல் வேண்டும்.

10. விரல் மரத்தல், கை நடுக்கம், நடை தள்ளாட்டம், காரணமின்றிச் சோர்வு முதலியன தோன்றினால், அவற்றை முதுமையின் குறியென்றோ வெயிலின் குறையென்றோ விட்டுவிடாது வைத்தியரை அடைதல் வேண்டும். கையாண்ட நாசினிகளின் விவரச் சீட்டுகளையும் உடன் கொண்டுசெல்லுதல் நன்று. பயன்படுத்திய மருந்தின் பெயரை அறியாத வைத்தியர் நோயின் காரணத்தை அறிதல் கடினம்.

முடிவுரை

ஈராக்குக் கமக்காரர் கோழியை நம்பினர்; கோழி சில நாட்கள் உயிரோடிருந்தது; அதனாற் பல குடும்பங்கள் அழிந்தன. உடனே கொல்லாதது தீங்கற்றது என்னும் எண்ணமே அவ்வழிவின் வேராகும். அவ்வெண்ணம் இன்றும் நீங்கவில்லை. ‘இருபது வருடமாகத் தெளிக்கின்றேன், எனக்கு ஒன்றும் நேரவில்லையே’ என்று கூறுவோர் ஊர்தோறும் உளர். புழு ஊர்ந்து திரிகையிலேயே அதன் நரம்பு விளக்குகள் ஒவ்வொன்றாய் அணைவதை ஆய்வுகூடத்திற் கண்டோர் அச்சொல்லை ஏற்கமாட்டார்.

மனிதரின் நரம்புகள் புழுவின் நரம்புகள் போல் ஒளிர்வதில்லை. கெட்ட பின் அவை முளைத்துத் தழைக்கும் பயிருமல்ல. எருக்குழியில் வாழும் 1 மில்லிமீற்றர்ப் புழு, மனிதரின் கண்ணுக்குத் தெரியாத அக்கேட்டைக் கண்ணுக்குத் தெரியும்படி காட்டியுள்ளது. அதனைக் கண்டு தம் கையையும் மூச்சையும் கிணற்றையும் விதைமூட்டையையும் காத்துக்கொள்ளுதல் கமக்காரரின் பொறுப்பாகும்.